பழைய சால்வையும் மாலை வரவேற்பும்: வாசகர் கேள்வி – பதில்

தை மாத முகூர்த்தங்களை முன்னிட்டு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பீரோவிலும் டிரங்குப் பெட்டியிலும் பல காலமாக உறங்கும் சால்வைகளையும் மேலாடைகளையும் பற்றியவை. மாலை நேர வரவேற்புகள் குளிரூட்டப்பட்ட மண்டபங்களுக்கு இடம் மாறிய பிறகு, பட்டுப் புடவையின் மேல் எதையேனும் போர்த்திக்கொள்ள வேண்டிய தேவை நம் பக்கத்துப் பெண்களுக்கும் வந்துவிட்டது. ஒரே பொருளைச் சுற்றி வந்த கேள்விகளாதலால் அவற்றை ஒன்றாகத் தொகுத்து விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: தை மாதத்தில் தஞ்சாவூரில் என் நாத்தனார் மகளின் திருமண வரவேற்பு நடைபெறுகிறது. அரக்கு நிறத் திருபுவனம் பட்டு உடுத்த எண்ணியிருக்கிறேன். மேலே போர்த்திக்கொள்ள வீட்டில் மூன்று பழைய உருப்படிகள் உள்ளன. ஒன்று, மாமியார் காலத்துக் கருநீலக் காஷ்மீர் கம்பளிச் சால்வை. நான்கு மூலையிலும் மாங்காய்ப் பூவேலை உண்டு. இரண்டாவது, உடல் முழுவதும் ஜரிகை ஓடிய பனாரஸ் பட்டு மேலாடை. மூன்றாவது, பாட்டி வைத்திருந்த கறுப்பு வெல்வெட் மேலங்கி. கழுத்தைச் சுற்றி ஜரிகைக் கம்பி வேலை செய்யப்பட்டிருக்கிறது. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: புடவைக்கு எது பொருந்தும் என்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் எது ஒரு மாலைப்பொழுது முழுவதும் தோளில் கிடந்து, இழுபட்டு, நாற்காலியில் சாய்ந்து, உறவினர்களின் அணைப்பையும் தாங்கி, முழுசாக வீடு திரும்பும் என்பதே முதல் கேள்வி. பழைய துணி மடித்து வைத்திருக்கும்வரை நன்றாகவே தோன்றும். அதன் உண்மையான நிலை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியவரும்.

காலை வெளிச்சத்தில், துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டிலின் மேல் விரித்து, அதன் மீது ஒவ்வொன்றையும் பரப்புங்கள். கைகளில் உள்ள மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட்டுத் தொடுவது நல்லது. முதலில் மடிப்புக் கோடுகளைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் மடிக்கப்பட்ட பட்டில், அந்தக் கோட்டின் நெடுக மயிரிழை போன்ற சிறு கீறல்கள் விழுந்திருக்கும். துணியை இருவர் பிடித்து ஜன்னலுக்கு எதிரே மெல்லத் தூக்கினால், அக்கீறல்களின் வழியே வெளிச்சம் கசிவது தெரியும். அப்படித் தெரிந்தால் அந்தத் துணியின் உடுத்தும் காலம் முடிந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மேல்நாட்டு ஆலைகளில் பட்டுக்குக் கனம் கூட்டுவதற்காக வெள்ளீய உப்புகளில் தோய்த்தெடுக்கும் வழக்கம் இருந்தது. அவ்வாறு கனமேற்றிய பட்டு, அலமாரியில் சும்மா இருந்தாலும் தானாகவே நொறுங்கும்; அதைத் தைத்தும் காப்பாற்ற இயலாது, ஏனெனில் ஊசி நுழையும் இடமெல்லாம் புதிய கிழிசல் தொடங்கும். உங்கள் பாட்டியின் வெல்வெட் மேலங்கிக்கு உள்பக்கம் பட்டு லைனிங் கொடுத்திருந்தால், வெளிப்புறத்தை விட்டுவிட்டு அந்த லைனிங்கைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். பழைய மேலங்கிகள் பெரும்பாலும் உள்ளிருந்தே கெடத் தொடங்குகின்றன.

வெல்வெட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதன் அழகு நிமிர்ந்து நிற்கும் மயிரில் இருக்கிறது. முழங்கை படும் இடம், கழுத்துப் பட்டியின் விளிம்பு, உட்காரும்போது நசுங்கும் பின்புறம் ஆகிய மூன்று இடங்களிலும் மயிர் உதிர்ந்து வழுக்கை விழுந்திருந்தால், மண்டபத்தின் பளிச்சென்ற விளக்குகள் அதையே காட்டிக்கொடுக்கும். நசுங்கி மட்டும் இருந்தால் கவலையில்லை. குளியலறையில் வெந்நீர் ஆவி நிறைந்திருக்கும்போது சற்று நேரம் ஹேங்கரில் தொங்கவிட்டால் மயிர் பெரும்பாலும் எழுந்துவிடும். இஸ்திரிப் பெட்டியை மட்டும் அருகில் கொண்டுபோகவே வேண்டாம். ஆனாலும் வெல்வெட் மேலங்கி கவுனுக்கும் நீண்ட அங்கிக்கும் ஏற்ற வெட்டு உடையது. புடவையின் முந்தானையும் கொசுவமும் அதற்குள் அடங்காமல் பிதுங்கி நிற்கும். குளிர்நாட்டு விருந்துக்கு உரிய அதை, உங்கள் வீட்டில் யாரேனும் நீண்ட பட்டுப் பாவாடை அல்லது லெஹங்கா உடுத்தும் நாளுக்காக எடுத்து வையுங்கள்.

பனாரஸ் மேலாடைக்கு வருவோம். நல்ல ஜரிகை என்பது வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிப் பட்டு நூலின் மேல் சுற்றித் தங்க முலாம் பூசியது. காஞ்சிபுரம் பட்டின் புவிசார் குறியீட்டு விவரத்தில் ஜரிகைக்கு வெள்ளி 57 சதவீதம், தங்கம் 0.6 சதவீதம் என்று அளவு குறித்திருப்பதிலிருந்தே, அதில் பெரும்பங்கு எது என்பது விளங்கும். வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும். அதனால் பழைய அசல் ஜரிகை சற்று மங்கி, பழுப்பேறிய பொன்னிறத்துக்கு வந்திருக்கும். இந்த மங்கல்தான் பழைய ஜரிகையின் பெருமை என்பது என் கருத்து. அதைப் புளியோ எலுமிச்சையோ பல்பொடியோ போட்டுத் தேய்த்து ‘புதிதாக்க’ முயன்று பாழாக்கிய மேலாடைகள் நம் வீடுகளில் ஏராளம். செம்புக் கம்பியில் செய்த ஜரிகையானால் மங்குவதற்குப் பதிலாகத் திட்டுத் திட்டாகக் கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். அதை மாலை நிகழ்ச்சிக்கு எடுத்துச் செல்ல முடியாது.

உங்கள் மேலாடை அசல் ஜரிகையாகவே இருந்தாலும், திருபுவனம் பட்டின் மேல் அதைப் போடாதீர்கள். திருபுவனத்துக் கரையும் முந்தானையும் தாமே நிறையப் பேசுபவை. அதன் மேல் உடல் முழுதும் ஜரிகை ஓடிய இன்னொரு துணியைப் போர்த்தினால், இரண்டும் ஒன்றையொன்று மறைக்குமே தவிர, சேர்ந்து அழகு காட்டா. அந்த மேலாடைக்கு ஜரிகையில்லாத, ஒரே நிறத்து மெல்லிய பட்டோ க்ரேப் புடவையோதான் சரியான ஜோடி.

ஆகவே கருநீலக் காஷ்மீர் சால்வையையே பரிந்துரைக்கிறேன். அரக்குக்குக் கருநீலம் ஆழம் கொடுக்கும். பூவேலை மூலைகளில் மட்டும் இருப்பதால் புடவையின் கரையோடு போட்டி போடாது. ஒரு சந்தேகம் மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள்: பகலில் கருநீலமாகத் தெரியும் துணி மஞ்சள் விளக்கில் வெறும் கறுப்பாகத் தெரியக்கூடும். திருமண வீட்டில் கறுப்பை விரும்பாத பெரியவர்கள் இருந்தால் வீண் பேச்சு வரும். எனவே இரவில், மஞ்சள் விளக்கின் கீழ் புடவையையும் சால்வையையும் சேர்த்து வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். கனமும் முக்கியம். நம் பக்கத்தில் தை மாதத்து இரவுகூட 20 டிகிரிக்குக் கீழே அரிதாகத்தான் இறங்கும். மண்டபத்துக்குள் குளிரும், வாசலில் இறங்கினால் வியர்க்கும். மெல்லிய கம்பளியானால் தோளிலிருந்து எடுத்துக் கைமடிப்பில் போட்டுக்கொள்ளலாம். தடித்த கம்பளி அரைமணி நேரத்தில் சுமையாகிவிடும்.

போர்த்தும் முறையில், முந்தானை இடத்தோளில் விழுவதால் சால்வையை நீளவாக்கில் மூன்றாக மடித்து வலத்தோளில் இட்டு, முன்புற முனையை இடக்கையின் மணிக்கட்டில் தாங்கிக்கொள்வது நன்றாக இருக்கும். முந்தானையின் வேலைப்பாடும் மறையாது. சால்வை நழுவுகிறதென்று ஊக்குக் குத்தாதீர்கள். பழைய இழையில் ஊக்குப் போட்ட துளை, இழுபட்டு இழுபட்டு விரல் நுழையும் ஓட்டையாக வளரும். ஜிமிக்கியின் கொக்கியும் கல் வளையலின் பற்களும் பூவேலை நூலை இழுத்துவிடும். அன்றைக்கு வழவழப்பான தங்க வளையல்களோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

வரவேற்பு வாசலில் பன்னீர் தெளிப்பவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். பன்னீர்ச் செம்பிலிருந்து விழும் துளி கம்பளியில் தெரியாது. பட்டில் வட்டக் கறையாக நின்றுவிடும், ஜரிகையிலும் புள்ளி விழும். உள்ளே சென்று அமர்ந்த பிறகு சால்வையைப் போர்த்திக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. சாப்பிடும்போதும் அதை எடுத்து மடியில் வைக்காமல் பையில் வைத்துவிடுங்கள். இலையில் ரசம் ஓடும் திசையை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கேள்வி: எங்கள் பாட்டனார் பினாங்கிலிருந்து கப்பலில் வந்தபோது பாட்டிக்கென்று கொண்டுவந்த சதுரமான பட்டுச் சால்வை ஒன்று இருக்கிறது. தந்த நிறம், பெரிய பெரிய பூக்கள், இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும் தையல், நான்கு புறமும் ஒரு முழம் நீளக் குஞ்சம். பேத்தியின் வலிமா விருந்தில் நான் அணிய ஆசைப்படுகிறேன். அணியலாமா? அது எந்த ஊர்ச் சரக்கு?
– வாசகி, நாகூர்

பதில்: நீங்கள் வர்ணிப்பதைப் பார்த்தால் அது சீனப் பூவேலைச் சால்வையாக இருக்க வேண்டும். சீனாவின் கேண்டன் நகரத்தில் பட்டின் மேல் இருபக்கமும் ஒரே மாதிரி தெரியும்படி கைத்தையல் போட்டு, நீண்ட குஞ்சம் முடிந்து, வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்தார்கள். பிலிப்பைன்ஸின் மணிலா துறைமுகம் வழியாக ஸ்பெயினுக்குப் போனதால், செய்த ஊரின் பெயர் மறைந்து ‘மணிலா சால்வை’ என்ற பெயரே உலகெங்கும் நிலைத்தது. ஸ்பெயினில் இன்றும் பெண்கள் அதை விழா உடையாக அணிகிறார்கள். பினாங்கும் சிங்கப்பூரும் சீனச் சரக்கு வந்து குவிந்த துறைமுகங்கள். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ போன்ற கப்பல்கள் அங்கிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் பல்லாண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. உங்கள் வீட்டில் இப்படியொரு சால்வை இருப்பதில் வியப்பில்லை.

அணியலாம், ஆனால் அதன் எடையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அடிப்பட்டு மெல்லியது, பூவேலையும் குஞ்சமும் கனமானவை. ஒரு மூலையைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். முழுச் சுமையும் அந்த மூலையில் விழுந்து பட்டு பிளக்கும். உள்ளங்கைகள் இரண்டையும் அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். குஞ்சம் தொடங்கும் இடத்து முடிச்சு வலையையும், பெரிய பூக்களின் ஓரங்களையும் உற்றுப் பாருங்கள். கனமான தையல் முடிந்து வெறும் பட்டு தொடங்கும் எல்லையில்தான் கிழிசல் முதலில் தோன்றும். அங்கே இழைகள் நெருக்கமாக இருந்தால் ஒரு மாலைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

முக்கோணமாக மடித்து, முதுகில் கூர்முனை விழும்படி இரு தோளிலும் போர்த்துவதே இதன் முறை. பூக்கள் முதுகில் விரியும். சதுரச் சால்வை முக்கோணமானால் குஞ்சம் இரட்டை அடுக்காகும் என்பதால், நாற்காலியில் அமரும்போது குஞ்சத்தை முன்புறமாக எடுத்து மடியில் விட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியின் இடுக்கில் சிக்கிய குஞ்சம் அறுந்துதான் வெளியே வரும். சிக்கல் விழுந்திருந்தால் சீப்பைத் தொடாமல், நுனியிலிருந்து மேல்நோக்கி விரல்களாலேயே பிரியுங்கள். தந்த நிறத்துக்குப் பச்சை, ஊதா, மயில்கழுத்து நிறங்கள் கைகொடுக்கும். பளீர் வெள்ளைப் புடவையின் மேல் போட்டால் பழைய பட்டு அழுக்கேறியதுபோலத் தெரியும். பழுப்புத் திட்டுகள் இருந்தால் அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். பிளீச்சிங் திரவம் பட்டையே கரைத்துவிடும்.

கேள்வி: இணையத்தில் ஒருவர் ‘100 ஆண்டு பழைமையான அசல் பஷ்மினா’ என்று விற்கிறார். மோதிரத்துக்குள் சால்வையை நுழைத்துக் காட்டும் காணொளியும் அனுப்பினார். வாங்கலாமா? அதைவிட மென்மையான ஷாதூஷ் சால்வையும் ‘தெரிந்தவர்களுக்கு மட்டும்’ தருவதாகச் சொல்கிறார்.
– வாசகி, மன்னார்குடி

பதில்: இரண்டாவதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். ஷாதூஷ் என்பது சிரு எனப்படும் திபெத்திய மானின் உள்மயிர். அந்த மானைக் கொன்றுதான் மயிரை எடுக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இடம்பெற்றிருக்கிறது. அதன் மயிரில் செய்த சால்வையை விற்பதும் வாங்குவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பன்னாட்டு வணிகமும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ‘தெரிந்தவர்களுக்கு மட்டும்’ என்று ஒருவர் சொல்லும்போதே, அவருக்கும் சட்டம் தெரிந்திருக்கிறது என்று பொருள். அவரிடம் எதையும் வாங்காதீர்கள், பஷ்மினாவையும் சேர்த்தே சொல்கிறேன்.

மோதிரச் சோதனை எதையும் நிறுவாது. மெல்லிய பட்டும், மரக்கூழிலிருந்து செய்யும் செயற்கை இழையான விஸ்கோஸும், ஏன் நைலான் துப்பட்டாவும்கூட மோதிரத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும். மாறாக, உடல் முழுதும் கைவேலை நிறைந்த அசல் பழைய சால்வை மோதிரத்துக்குள் போகாமல் நின்றுவிடலாம். லடாக்கின் மலை ஆடுகளிலிருந்து சீவியெடுக்கும் பஷ்மினா இழையின் தடிமன் 16 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்படாமல் இருக்க வேண்டும் என்பதே காஷ்மீர் பஷ்மினாவின் புவிசார் குறியீட்டு விதி. அதை ஆய்வகம்தான் அளக்க முடியும். நாம் செய்யக்கூடியது, துணியின் பின்பக்கத்தைப் பார்ப்பது.

காஷ்மீரத்துப் பழைய சால்வைகள் இரண்டு வகைப்படும். கானி வகையில், சிறு மரக்குச்சிகளில் சுற்றிய பல வண்ண நூல்களைக் கொண்டு நெசவின் போதே பூவை உருவாக்குவார்கள். பின்பக்கத்தில் நிறம் மாறும் இடந்தோறும் நூல்கள் ஒன்றோடொன்று கோத்து மெல்லிய மேடுபோல விரலில் தட்டும். நீளமாகத் தொங்கும் நூல் இராது. சோஸ்னி வகையில் நெய்த துணியின் மேல் ஊசியால் பூ வேலை செய்வார்கள். பின்பக்கத்தில் தையலின் சிறு சிறு புள்ளிகளும் முடிச்சுகளும் தெரியும். இவை இரண்டும் இல்லாமல், பின்பக்கம் முழுவதும் நூல்கள் நீள நீளமாக மிதந்து கத்தரித்துவிடப்பட்டதுபோல இருந்தால் அது இயந்திரத் தறியில் நெய்தது. 1804-ஐ ஒட்டிப் பிரான்சில், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலையை நெய்யும் ஜாக்கார்டு தறி வந்த பிறகு, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரிலும் பிரான்சிலும் காஷ்மீரச் சால்வையைப் பார்த்து அப்படி நெய்து குவித்தார்கள். நம் மாங்காய்ப் பூவுக்கு மேல்நாட்டில் அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

இயந்திர நெசவு என்பதால் பெய்ஸ்லி சால்வையை மட்டமாக எண்ண வேண்டியதில்லை. உண்மையிலேயே 19-ஆம் நூற்றாண்டினதாக இருந்தால் அதுவும் மதிப்புள்ளதே. ஆனால் அளவில் பெரியது, கனமானது. இரண்டு பேரை மூடும் அகலம் கொண்டது. புடவை மேல் அதைப் போர்த்தினால் உடுத்தியவர் காணாமல் போய்விடுவார். இன்று ‘பழைய பஷ்மினா’ என்று கூவி விற்கப்படும் பெரும்பாலானவை இந்த எந்த வகையையும் சேராத புதிய விஸ்கோஸ். குஞ்சத்திலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள்: தலைமுடி கருகும் வாடையும், விரலில் நொறுங்கும் கரியும் வந்தால் கம்பளி அல்லது பட்டு, காகிதம் எரியும் வாடை வந்தால் விஸ்கோஸ், உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர். நேரில் தொட்டு, பின்பக்கம் திருப்பிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் பேச்சை வளர்க்க வேண்டியதில்லை.

கேள்வி: கும்பகோணத்தில் ஒருவர் கோடாலி கருப்பூர்த் துணி ஒன்றை ‘அரண்மனைச் சரக்கு’ என்று காட்டினார். அதை வாங்கி, ஸ்காட்லாந்தில் என் மகன் பட்டம் பெறும் நாள் இரவு விருந்துக்கு மேலாடையாக எடுத்துச் செல்ல விரும்புகிறேன். விருந்துக்கு முறையான மாலை உடை வேண்டும் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கோடாலி கருப்பூர்ச் சேலை என்பது தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகவே கொள்ளிடக் கரையில் உருவானது. நெய்யும்போதே ஜரிகையை ஊடே செலுத்தி, பிறகு மெழுகு தடவிச் சாயமேற்றி, நெசவும் ஓவியமும் ஒன்றாகக் கலந்த வேலை. 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்து அரசு முடிவுக்கு வந்ததும், ஆதரிப்பார் இன்றி அந்தக் கைவேலையும் நின்றுபோயிற்று. இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அருங்காட்சியகங்களிலும் ஒரு சில குடும்பங்களிலும்தான். பழைய ஜரிகைத் துணிகளை எடைக்கு வாங்கி எரித்து வெள்ளி எடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருப்பதால் அழிந்துபோனவையும் நிறைய இருக்கும். கடைத்தெருவில் ஒருவர் கையில் அசல் துண்டு கிடைப்பது அரிது. அண்மைக் காலத்தில் மீட்டுருவாக்கம் செய்ததாகவோ, 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர்க் கலம்காரி ஓவியத் துணியாகவோ இருக்கலாம். அதற்கு உரிய நியாயமான விலை கொடுத்து வாங்கினால் அதுவும் நல்ல பொருளே. அரண்மனை விலை கொடுக்காதீர்கள்.

அசலாகவே இருந்துவிட்டால் சிக்கல் வேறு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. பார்வைக்கு மிகப் பழையதாகத் தோன்றும் எந்தத் துணியையும் எடுத்துச் செல்லும் முன், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று பெற்றுவிடுவது நிம்மதி. விமான நிலையத்தில் சுங்க அலுவலருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது மகன் பட்டம் பெறும் வேளையில் தேவையற்ற அலைச்சல்.

அந்த விருந்துக்கு நம் பட்டுப் புடவையே முறையான மாலை உடைதான். எவரும் குறை சொல்லமாட்டார்கள். அங்கே குளிர் உண்மையான குளிர் என்பதால், ஓட்டல் வாசல்வரை தடித்த கோட்டு, உள்ளே மெல்லிய கம்பளிச் சால்வை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கோட்டை வாசலில் வாங்கி மாட்டிவைப்பார்கள். சால்வை உங்களோடு மேசைக்கு வரும். நம் மாநிலத்துச் சரக்காக ஒன்றை உடுத்தும் ஆசை இருந்தால், நீலகிரித் தோடர்களின் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த சால்வை அந்தக் கூட்டத்தில் தனித்து நிற்கும். அது தடித்த பருத்தி, ஆகவே ஜரிகை குறைந்த புடவையோடு மட்டுமே சேரும்.

கேள்வி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான என் தந்தைக்குப் பாராட்டு விழா. அவர் தம் தந்தையின் பழைய கம்பளிச் சால்வையை அணிந்து மேடையேற விரும்புகிறார். மேடையிலோ பொன்னாடை போர்த்துவார்கள். என்ன செய்வது?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: பழைய சால்வையை அகலவாக்கில் மடித்து இடத்தோளில் மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பொன்னாடையை அதன் மேலேயே போர்த்தட்டும். படம் எடுத்து முடிந்ததும் அருகிலிருப்பவர் அதை வாங்கிக்கொள்ளலாம். இப்போதைய பொன்னாடைகளின் பிளாஸ்டிக் ஜரிகை விளிம்பு அரம்போலக் கீறும் என்பதால், அது பழைய கம்பளியின் மேல் வெகுநேரம் உரசிக்கொண்டிருக்க வேண்டாம். ரோஜா மாலையின் ஈரமும் சாயமும் இறங்கும். மாலையை வாங்கியவுடன் கழற்றிவிடுவது நம் மரபுதானே.

கேள்வி: அம்மாவின் காஷ்மீர் சால்வையில் பாச்சை உருண்டை வாடை தாங்க முடியவில்லை. இரண்டு இடங்களில் சிறு ஓட்டைகளும் இருக்கின்றன. அடுத்த மாதம் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு அணிய முடியுமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: ஓட்டையின் ஓரத்தில் மணல்போல, சால்வையின் நிறத்திலேயே சிறு துகள்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அந்துப்பூச்சியின் புழு அங்கே இருந்திருக்கிறது, இப்போதும் இருக்கலாம். சால்வையைக் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் இட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, வீட்டுக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுவதும் அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் துணியின் மேல் நீர் பூத்துவிடும்.

வாடைக்குத் தண்ணீரும் வேண்டாம், சென்ட்டும் வேண்டாம். நிழலில், காற்றோடும் திண்ணையிலோ மாடி அறையிலோ, மூங்கில் கழியின் மேல் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் பரப்பிச் சில நாட்கள் விடுங்கள். வெயிலில் போட்டால் வாடை விரைவில் போகும், சாயமும் உடன் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றிலேயே ஈரம் நிற்பதால் இந்த வேலையைச் செய்யாதீர்கள், பூசணம் பிடிக்கும். ஓட்டைகளை ரஃபூ வேலை தெரிந்தவரிடம் கொடுத்து அடைக்கலாம். அவர் சால்வையின் ஓரத்திலிருந்தே நூல் உருவி இழையோடு இழை கோத்துவிடுவார். அடுத்த மாதத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால், ஓட்டை விழுந்த பகுதி உள்மடிப்பில் போகும்படி மடித்து அணியுங்கள். பசை வைத்து ஒட்டும் வேலை மட்டும் வேண்டாம்.

இனிமேல் பாச்சை உருண்டையைத் துணிமேல் நேராகப் போடாமல், பெட்டியின் ஒரு மூலையில் தனியே துணிமுடிச்சில் கட்டி வையுங்கள். அதோடு சூடக்கட்டியைச் சேர்த்துப் போடுபவர்கள் உண்டு; இரண்டும் ஒன்றுபட்டால் நம் ஊர் வெயிலுக்கே இளகிக் கறையாக வழியும். வசம்புத் துண்டுகளை முடிச்சாகக் கட்டி வைத்தால் வாடையும் குறைவு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். நிச்சயதார்த்தம் முடிந்து வந்த இரவே சால்வையைப் பெட்டியில் வைக்காதீர்கள். வியர்வை ஈரம் போக மறுநாள் முழுவதும் விசிறிக் காற்றில் கிடக்கட்டும். பிறகு பழைய மடிப்புக் கோட்டை விட்டு வேறிடத்தில் மடித்து, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.